தாடை உடைந்தால் உண்டு, சொத்தைப் பல்லுக்கு இல்லை

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்தால் பல்லுக்கும் பார்த்துவிடலாம் என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து அட்டையைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி போய் வெறும் வாயோடு திரும்பியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இந்த மே மாதம் எங்கள் வீட்டுக்கு அந்த முறை வந்தது. அம்மாவுக்குக் கடவாய்ப்பல், பையனுக்குத் தாடை. ஒருவருக்கு அட்டை செல்லவில்லை. இன்னொருவருக்குச் சென்றது, ஆனால் சும்மா செல்லவில்லை.

அம்மா விஷயம் சின்னது. டவுனில் ஒரு பல் கிளினிக்கில் ரூட் கெனால் செய்து கேப் போட வேண்டும் என்றார்கள். அம்மா முந்தானையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். “இதுல அதெல்லாம் வராது ஆச்சி” என்று டாக்டர் சிரித்துவிட்டார். “வருசத்துக்கு அஞ்சு லட்சம்னு சொல்லுதான், ஒரு பல்லுக்குத் தரமாட்டானா?” என்று அம்மா பஸ்ஸில் வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார். கேள்வி நியாயம்தான். ஆனால் இந்தத் திட்டம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துச் செய்கிற வைத்தியத்துக்கு. 2018-இல் இதோடு சேர்த்த மத்திய அரசுத் திட்டத்திலும் அதே கதை: நோயாலோ அடிபட்டோ வந்து, அட்மிட் பண்ணியே தீர வேண்டும் என்றால்தான் பல் வைத்தியம் உள்ளே வரும். சொத்தை அடைப்பதும் ரூட் கெனாலும் வெளியே.

பல்லைப் பிடுங்குவதுதான் முடிவென்றால் அட்டையே வேண்டாம். அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டால் இலவசமாகவே எடுத்துவிடுகிறார்கள். அங்கேயும் ஒரு நடை வீண். அம்மாவுக்குச் சர்க்கரை எகிறியிருந்தது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் சர்க்கரை, பிரஷர் இரண்டையும் முதலிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அந்தச் சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

இனி பையன். லீவு விட்டதிலிருந்து சைக்கிளும் கையுமாகத் திரிந்தவன், கன்னடியன் கால்வாய்க் கரையில் விழுந்து மோவாய் தரையில் அடித்துவிட்டது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் கீழ்த்தாடையில் முறிவு தெரிந்தது. வீக்கம் வடியட்டும், பிறகு கம்பி கட்டலாம் என்றார்கள். அட்டையில் பார்க்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தவாறே சொன்னார்: “பையன் பேரு இல்லையே.” அட்டை எடுத்தது அவன் பிறப்பதற்கு முன்னால். ரேஷன் கார்டில் அவன் பெயரைச் சேர்த்தாயிற்று, ஆனால் அது தானாகக் காப்பீட்டுப் பதிவில் ஏறியிருக்கவில்லை. சரி, என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, “இப்ப பணத்தைக் கட்டிருங்க, பேர் சேர்த்துட்டு வந்தா திருப்பி வாங்கிக்கலாம்” என்றார். நல்ல வேளை, என் மச்சான் கூட இருந்தான். அவன் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வேலை பார்த்தவன். “அண்ணாச்சி, இது கேஷ்லெஸ் திட்டம். கட்டின காசு திரும்பாது” என்று என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். யார் இப்படிச் சொன்னாலும் அங்கேயே நின்று 1800 425 3993-க்குப் போன் போடுங்கள். திட்டத்தின் இலவச உதவி எண்தான். நாங்கள் கவுண்டர் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டோம். அதுவரை நிமிராத மனிதர் நிமிர்ந்து பார்த்து, “பேரை மட்டும் சேர்த்துட்டு வாங்க, பெட் வச்சிருக்கேன்” என்றார்.

பெயர் சேர்க்கக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்று புதிதாகக் கேட்டார்கள். வருமான வரம்பு முன்பு ஆண்டுக்கு 72,000 ரூபாயாக இருந்தது, இப்போது 1,20,000. பழைய வரம்பை நினைத்துக்கொண்டு நமக்குக் கிடைக்காது என்று ஒதுங்கியவர்கள் மறுபடி கேட்டுப் பாருங்கள். சான்றுக்கு வி.ஏ.ஓ.வைத் தேடினால் ஆபீஸ் பூட்டு. தாலுகாவில் வருடா வருடம் நடக்கும் கிராமக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்திக்குப் போயிருக்கிறாராம். மே, ஜூனில் சான்று வாங்கப் போகிறவர்கள் இதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கடைசியில் தாலுகா ஆபீஸ் வாசலில், கணக்கு நோட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினேன். பாவம், அவரும் வேர்த்து ஊற்றிக்கொண்டுதான் இருந்தார். பையனின் எக்ஸ்ரேயைக் காட்டியதும் மறுபேச்சுப் பேசவில்லை.

சான்றோடு போன அன்று மையத்தில் சர்வர் இல்லை. மறுபடி போனால், ஆதாரில் பையன் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கிறது, ரேஷன் கார்டில் இல்லை. அங்கிருந்த பெண் இதற்காகத் திருப்பி அனுப்பவில்லை. பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். பையில் இருந்தது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்த ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இந்தப் பெண்ணை உட்கார வைத்திருக்கலாம்.

அப்புறம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு தாள் உண்டு. அடிபட்ட கேஸ் என்றால், எப்படி அடிபட்டது என்று டியூட்டி டாக்டர் பதிவு செய்யும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியைக் கேட்கிறார்கள். முதலில் பார்த்த இடத்திலேயே அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதற்காக மறுபடி ஓடினோம்.

அனுமதி வந்ததும் அறுவை சிகிச்சை ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. ஒரு பைசா வாங்கவில்லை. மேல் பல் வரிசையையும் கீழ் வரிசையையும் மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள், வாயைத் திறக்கவே முடியாது. கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டி ஸ்ட்ராவில் கொடுத்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சின்னக் கம்பிவெட்டியை வாங்கிக் கையோடு வைத்திருக்கச் சொன்னார்கள். வாந்தி வந்து மூச்சு முட்டினால் எந்தக் கம்பியை நறுக்க வேண்டும் என்று நர்ஸ் தொட்டுக் காட்டினார். அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

சின்ன மகளுக்குப் பால் பல் சொத்தை. பள்ளிக்கு வருடம் ஒரு முறை வரும் மருத்துவக் குழு பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது. பதினெட்டு வயது வரைக்கும் பிள்ளைகளுக்கு அந்த வழியில் பல்லும் பார்ப்பார்கள், அதற்கும் இந்த அட்டை வேண்டாம். சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பள்ளி திறந்த முதல் வாரத்தில் கூட்டம் அதிகம் என்பதால் பள்ளி திறப்பதற்கு முன்பே போய்விட்டு வரலாம் என்று இருக்கிறோம்.