குளிர் மலையின் கறுப்பு விதை மிளகாய்

மத்திய ஜாவாவின் வொனோசோபோ நகரிலிருந்து டியெங் மேட்டுநிலத்துக்கு மினிபஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். அர்ச்சுனன், பீமன், கடோத்கசன் என்று பெயர் வழங்கும் பழைய சிவன் கோயில்களையும், கந்தகப் புகை கக்கும் சிக்கிடாங் எரிமலை வாயையும் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். நானும் பார்த்தேன். ஆனால், என்னைப் பிடித்து நிறுத்தியது வேலியோரத்து மிளகாய்தான்.

செடி என்று சொல்வதற்கில்லை, ஆளுயரப் புதர். அடித்தண்டு மரம்போல் முற்றியிருந்தது. இலையைத் தடவினால் மெல்லிய ரோமம் கையில் படுகிறது. பூ ஊதா நிறம். காயோ சின்னத் தக்காளி அளவில் கொழுகொழுவென்று தொங்குகிறது. நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் ஒன்றைப் பறித்து இரண்டாக அரிந்து காட்டினார். உள்ளே கன்னங்கரேலென்று விதைகள்! பயிராகும் மிளகாய் இனங்கள் ஐந்தில் இதற்கு மட்டுமே விதை கறுப்பு.

கேப்சிகம் பியூபெசென்ஸ் என்ற இந்த இனத்தின் தாயகம் ஆண்டிஸ் மலைத்தொடர். பெருவில் ரொகோட்டோ, பொலிவியாவில் லொகோட்டோ, மெக்சிகோவில் மன்சானோ, இங்கே சாபே கெண்டோட். பெருவின் அரெகிப்பா நகரத்தில் இதைக் குடைந்து, இறைச்சியும் பாலாடைக்கட்டியும் திணித்துச் சுடுகிறார்கள். மெக்சிகோவின் மிச்சோவாகானில் வெண்ணெய்ப்பழ மரங்களின் நிழலில் வளர்க்கிறார்கள். எங்கு போனாலும் மலைதான். சமவெளி வெயில் இதற்கு ஆகாது, பூ உதிர்ந்துவிடும். மற்ற மிளகாய் இனங்களோடு எளிதில் இனக்கலப்பு ஆவதும் இல்லை.

உலகை வென்ற மிளகாய்கள் பெரும்பாலும் காய்ந்து வற்றலாகிக் கப்பலேறியவை. நம் ராமநாதபுரம் குண்டு மிளகாயும் களத்து வெயிலில் காய்ந்துதான் ஊர் ஊராகப் போகிறது. இதன் சதையோ குடைமிளகாய்போலத் தடிமன். காயப் போட்டால் வற்றுவதற்குள் அழுகிவிடும். தொலைதூரச் சந்தையைப் பிடிக்காமல் போனதற்கு அதுவே காரணம் என்று எனக்குப் படுகிறது.

டியெங்கின் சரிவுகளை உருளைக்கிழங்கு வளைத்துப் போட்டிருக்கிறது. உச்சிவரை படிப்படியாகப் பாத்திகள், மரம் அரிது. மழைக்கு மண் கரைந்து ஓடுகிறது. வறண்ட மாதங்களில் விடியலில் உறைபனி இறங்கினால் அந்த வயல்கள் கருகிவிடுமாம். 'எம்புன் உபாஸ்', நச்சுப்பனி என்று அதற்குப் பெயர். உருளைக்கிழங்கும் ஆண்டிஸ் பிறவிதான். இங்கே பாகில் ஊறவைத்துப் பாட்டிலில் விற்கும் காரிக்கா என்ற மலைப் பப்பாளியும் அப்படியே. ஊருக்குப் பணம் தருவது கிழங்கு. மிளகாய்க்கு வேலியோரமும் வரப்பும் மிச்சம். நட்டுவிட்டால் பல ஆண்டுகள் காய்க்கும் புதர் என்பதால், அதுவே போதும் போலும்.

அந்த அம்மாள் காயின் உள்ளே இருந்த வெள்ளைத் தண்டைக் கத்தி நுனியால் சுரண்டி எறிந்தார். காரத்தின் இருப்பிடம் அதுதான், விதையல்ல. பிறகு பட்டை பட்டையாக நறுக்கி, டெம்பே என்ற புளித்த சோயாக் கட்டியுடன் வதக்கிச் சுடுசோற்றோடு வைத்தார். முதல் கடியில் பழ மணமும் லேசான இனிப்பும். சரிதான், சாது மிளகாய் என்று நினைத்து இரண்டாவது கரண்டி போட்டுக்கொண்ட பிறகே உதட்டில் தொடங்கி நெற்றி வரை ஏறியது. தண்ணீருக்குக் கை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.