திருச்சியில பாக்க என்ன இருக்கு?

திருச்சிக்காரர்கள் யாரிடமாவது "உங்க ஊர்ல பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், முக்கொம்பு என்று மூன்று விரலை மடக்கிவிட்டு, "அவ்வளவுதாங்க, ஒரு நாள் போதும்" என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். வெளியூர்க்காரர்களுக்கோ திருச்சி என்றால் நடுராத்திரி பஸ் மாறுவதற்கு இறங்கி டீ குடித்த ஊர். மதுரைக்காரர்கள் மாதிரி ஊர்ப் பேரைச் சொல்லும்போதே குரலை உயர்த்துகிற பழக்கம் நமக்கு இல்லை. அதிகபட்சம், "எம்.ஜி.ஆர். காலத்துல தலைநகரத்தையே இங்க மாத்தப் பாத்தாங்க, தெரியுமா?" என்று ஒரு பழைய பெருமையைத் தூசி தட்டி எடுப்போம், அதுவும் நடக்காமல் போன விஷயம்.

பொங்கல் முடிந்த கையோடு புனேயிலிருந்து தம்பியின் ஆபீஸ் நண்பர் குடும்பத்தோடு வந்தார். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை, "அக்கா, நீ கொஞ்சம் பாத்துக்கோயேன்" என்று என் தலையில் கட்டிவிட்டான். கணவன், மனைவி, நாலாங்கிளாஸ் படிக்கிற பையன், அப்புறம் அந்த நண்பரின் அம்மா. பையன் ஆஜி ஆஜி என்று கூப்பிட்டதைப் பார்த்து நாங்களும் அவரை ஆஜி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். எழுபதைத் தாண்டியவர், சில வருஷம் முன்புவரைக்கும் ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரத்துக்கு நடந்தே போனவராம். எனக்கு இந்தி என்பது பிராத்மிக் பாஸ் பண்ணின காலத்தோடு சரி. நான் இங்கிலீஷில் சொல்ல, பையன் மராத்தியில் மாற்றிச் சொல்ல, மீதியைக் கையும் தலையும் பார்த்துக்கொண்டன.

கார் ஏற்பாடு செய்யத்தான் நினைத்தேன். பையன் பஸ்ஸில்தான் போவேன் என்று அடம். சரி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினோம். ஆஜி முதல் வேலையாக முந்தானையில் முடிந்திருந்த பத்து ரூபாயை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினார். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று நான் சொல்ல, அது தமிழ்நாட்டுப் பெண்களுக்குத்தானே என்று அவர் கேட்க, கண்டக்டர் என்ன புரிந்துகொண்டாரோ, "எந்த ஊர்ப் பாட்டியா இருந்தா என்ன, உக்காருங்க" என்று இலவசச் சீட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். 2021லிருந்து இந்தச் சீட்டை வாங்கிக் கசக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆஜி அதை மடித்துப் பர்ஸில் வைத்தார்.

அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் ஏறியது. நின்றுகொண்டிருந்த காலேஜ் பெண் ஒன்று, முகத்தைக்கூடப் பார்க்காமல், தோளில் இருந்த பையைக் கழற்றி ஆஜி மடியில் வைத்தது. பின்னாலேயே இன்னொரு அம்மா, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் எட்டிப் பார்க்கிற கட்டைப்பையை அதன்மேல் வைத்தார். ஆஜி திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். ஏன் கொடுக்கிறார்கள், நான் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம், அவர்கள் இறங்கும்போது எடுத்துக்கொள்வார்கள் என்றேன். யாரென்றே தெரியாதவரிடம் பையைக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே என்று மருமகள் என்னிடம் தனியாக, நம்பவே முடியாத மாதிரி கேட்டார். பைக்குள் போன் இருக்காதா, பணம் இருக்காதா? இருக்கும்தான். நானும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அப்படித்தான் யார் யார் மடியிலோ பையை வைத்திருக்கிறேன், என் மடியில் கைக்குழந்தையையே வைத்துவிட்டுச் சில்லறை தேடியவர்கள் உண்டு. காவிரிப் பாலம் தாண்டுகிற வரைக்கும் ஆஜி இரண்டு கையாலும் அந்தப் பைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், புதையலைக் காவல் காக்கிற மாதிரி. ஊரைச் சுற்றிக்காட்ட நான் போட்டு வைத்திருந்த பட்டியலில் இது இல்லை.

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குக் கீழே நின்று 236 அடி, 13 நிலை என்று என் பாடத்தை ஒப்பித்தேன். பையன் எந்த ராஜா எப்போது கட்டினார் என்று கேட்டான். 1987 என்றேன். அவன் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, "இது என்னைவிடச் சின்னதா!" என்றார். அவர்கள் ஆயிரம் வருஷத்தை எதிர்பார்த்திருக்கிறார்கள், கொஞ்சம் ஏமாற்றம்கூட. அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது. விஜயநகர காலத்தில் ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோய், சுமார் 400 வருஷம் மொட்டைக் கோபுரமாகவே கிடந்தது. அகோபில மடத்து 44ஆவது ஜீயர் தள்ளாத வயதில் இதைக் கையில் எடுத்தார், ஊர் ஊராகப் பணம் சேர்ந்தது, ஒரு நிலைக்கான செலவை இளையராஜா கொடுத்தார், எங்கள் அப்பா மாதிரி சம்பளக்காரர்கள் பத்தும் இருபதும் கொடுத்து ரசீது வாங்கினார்கள். சொல்லச் சொல்ல எனக்கே ஒன்று தோன்றியது: பழைய ராஜா கட்டியதில் எனக்கு என்ன பங்கு? ஆனால் பாதியில் விட்டதை முடித்தவர்கள் எங்கள் அப்பா காலத்து ஆட்கள். இதில் பெருமைப்பட எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

ராஜகோபுரத்தைத் தாண்டியதும் மருமகள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். போட்டுக்கோங்க, கோயில் இன்னும் வரல என்றேன். கோபுரத்துக்குள் நுழைந்துவிட்டோமே, பிறகென்ன? நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் எங்களை உரசிக்கொண்டு ஒரு ஸ்கூட்டர் போனது, முன்னால் கேஸ் சிலிண்டர். தையல் கடை, செராக்ஸ் கடை, ஏ.டி.எம்., வாசலில் கோலம் போட்ட வீடுகள், பால்கனியில் காய்கிற வேட்டி. இதெல்லாம் கோயில் மதிலுக்குள்தான் இருக்கிறது என்பது அவர்கள் மண்டையில் ஏறவே நேரமானது. ஏழு பிரகாரத்தில் வெளிப்பிரகாரங்கள் தெருக்களாகவே இருக்கின்றன, உத்திர வீதி, சித்திரை வீதி என்று ஜனங்கள் குடியிருக்கிறார்கள். அப்போ இவங்கள்லாம் கோயில்லயே பொறந்து கோயில்லயே கல்யாணம் பண்ணிக் கோயில்லயே இருக்காங்களா என்று பையன் கேட்டான். ஆமாம்டா. மருமகள் கடைசிவரை செருப்பைப் போடவே இல்லை. யோசித்தால், முறைப்படி பார்த்தால் அவர் செய்ததுதான் சரி.

உள்ளே துலுக்க நாச்சியார் கதையைச் சொன்னேன். பெருமாள்மேல் ஆசைப்பட்டு டெல்லியிலிருந்து வந்த சுல்தான் மகள், அவளுக்கு இங்கே சன்னதி இருக்கிறது, அவளை நினைத்துப் பெருமாளுக்கு ரொட்டி நைவேத்தியம் உண்டு. ஆஜிக்கு ரொட்டி என்ற சொல் மட்டும் நேராகவே காதில் விழுந்து முகம் மலர்ந்துவிட்டது. நம்ம சாப்பாடு சாப்பிடுகிற சாமி! ரங்கநாதரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் பேரனிடம் என்னவோ சொல்லிச் சிரித்தார். பையன் மாற்றிச் சொன்னான்: "எங்க பண்டரிபுரத்து விட்டல் செங்கல்மேல நின்னுக்கிட்டே இருக்கார். கால் வலிச்சா இங்க வந்து படுத்துக்குவார் போல." ஸ்ரீரங்கத்தைப் பற்றி எத்தனையோ உபன்யாசம் கேட்டிருக்கிறேன், இதைவிட நல்ல வரி ஞாபகத்தில் இல்லை.

மதியம் திருவானைக்காவலில் பார்த்தசாரதி விலாஸ் நெய் தோசை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

மலைக்கோட்டைக்குச் சாயங்காலம் போனோம். ஆஜி தாயுமானவர் சன்னதி வரைக்கும் ஏறி, அங்கேயே மருமகளோடு உட்கார்ந்துவிட்டார். பிரசவத்துக்கு வரவேண்டிய அம்மா காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே மாட்டிக்கொள்ள, சிவனே அம்மா உருவத்தில் வந்து பிரசவம் பார்த்த கதையை அங்கே வாழைத்தார் வைக்க வந்திருந்த ஒரு பெண்மணி, மொழி பற்றிய கவலையே இல்லாமல், சைகையிலேயே ஆஜிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் மேலே ஏறினோம். வழியில் பல்லவர் குகை. மகேந்திரவர்மன் குடைந்தது, ஏழாம் நூற்றாண்டு. சின்ன வயதில் மூச்சு வாங்கினால் உட்காருகிற இடம் எனக்கு அது. கங்கையைச் சடையில் தாங்குகிற சிவன் சிற்பத்தைப் பார்த்துவிட்டு, தூணில் இருக்கிற எழுத்தைத் தடவப் போன பையனைத் தடுத்ததும், சரி, என்ன எழுதியிருக்கு என்றாவது சொல்லுங்கள் என்று அவன் பிடித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து தேடிப் படித்துச் சொன்னேன்.

அந்தக் கல்வெட்டு சமஸ்கிருதம். விஷயம் இதுதான்: சிவனுக்கு நதிகள் என்றால் ஒரு மயக்கம், ஏற்கெனவே கங்கை தலைமேல். இப்போது இந்தக் காவிரியைப் பார்த்தால் இவள்மேலும் ஆசைப்பட்டுவிடுவாரோ என்று பார்வதிக்குச் சந்தேகம், அதனால் பிறந்த வீட்டை விட்டுவிட்டு இந்த மலையிலேயே வந்து தங்கி, "அந்த ஆறு பல்லவனின் காதலி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். ஒரு ராஜா தன் நாட்டு எல்லையை இப்படியும் சொல்லலாமா என்று படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தேன். உச்சிப் பிள்ளையார் கதையும் அதேதான், விபீஷணன் கொண்டுபோன பெருமாளைக் காவிரிக் கரையில் கீழே வைத்துவிட்டுத்தான் பிள்ளையார் ஓடி மலை ஏறினார். தாயுமானவருக்கும் காவிரி, பல்லவனுக்கும் காவிரி, பிள்ளையாருக்கும் காவிரி. இத்தனை நாள் நாங்கள் மலையையும் ஆற்றையும் தனித்தனி சுற்றுலா இடமாக எண்ணிக்கொண்டிருந்தோம், இந்த மலை சொல்கிற கதை அத்தனையும் கீழே ஓடுகிற ஆற்றைப் பற்றித்தான்.

உச்சியில் நல்ல காற்று. ஸ்ரீரங்கம் கோபுரங்கள், லூர்து மாதா கோயில் கூம்பு, தூரத்தில் பொன்மலை. பொன்மலை ஒர்க்ஷாப்பில் ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினே செய்கிறார்கள் என்றதும் பையனுக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. எல்லாம் சரி, பாறை இடுக்கு முழுக்கத் தண்ணீர் பாட்டில். தினம் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது, விருந்தாளி பக்கத்தில் நிற்கும்போது கோபுரத்துக்கு முன்னால் அதுதான் தெரிகிறது. அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் கல்லணை. அது கணக்குப்படி தஞ்சாவூர் மாவட்டம், தஞ்சாவூர்க்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், விருந்தாளி வந்தால் எங்களுடையதாக்கிக்கொள்வோம். நண்பர் சிவில் எஞ்சினியர், பார்த்ததும் முதல் கேள்வியே அஸ்திவாரம் எங்கே என்பதுதான். மணலில் பெரிய பாறைகளைப் போட, அவை அரிப்பில் புதைய, மேலே மேலே அடுக்கி, இடையில் களிமண் என்று கரிகாலன் காலத்து வேலையைச் சொன்னேன். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட ஆர்தர் காட்டன் 1830களில் முக்கொம்பில் கட்டிய மேலணையில், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடப் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனதையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தார், அப்புறம், "இதை எங்க காலேஜ்ல ஒரு பீரியடாவது சொல்லிக் கொடுத்திருக்கணும்" என்றார். நம் காலேஜ்களில் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று அவர் கேட்கவில்லை, நல்ல வேளை.

நான் எதிர்பார்த்த இடத்தில் அவர்கள் வாய் பிளக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைச் சும்மா சுற்றி வந்தார்கள், விமான நிலையத்துப் புது முனையத்துக்கு "நல்லா இருக்கு", அவ்வளவுதான். ஆனால் மடியில் வைத்த பையையும் மதிலுக்குள் இருக்கும் தையல் கடையையும் பற்றி ஊருக்குப் போனபிறகும் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது அதே ஆபீஸிலிருந்து இன்னும் இரண்டு குடும்பம் வரப் போகிறதாம், எப்போது வரலாம் என்று தம்பி கேட்கிறான். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28ஆம் தேதி மூடிவிடுவார்கள், அப்புறம் வந்தால் காவிரியில் மணல்தான், ஆடி பதினெட்டுக்கு வரச் சொல், இல்லையென்றால் பொங்கலை ஒட்டி வரச் சொல் என்றிருக்கிறேன். கார் வேண்டாம், ஒன்றாம் நம்பர் போதும்.