மெயில் எங்கேயும் போகவில்லை, அண்ணாச்சி

மழைக்காலம் வந்தால் மும்பையில் எனக்கு வேலை கூடிவிடும். சின்ன அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. சயான், தாராவி, மாட்டுங்கா பக்கம் பெரும்பாலும் நம் ஆட்கள். கரண்ட் போய்ப் போய் வரும். யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருக்கும், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். மறுநாள் காலையில் போன் வரும்: "தம்பி, மெயில் எல்லாம் போச்சு."

முக்கால்வாசி நேரம் எதுவும் போயிருக்காது. மெயில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு சின்ன ஃபைல் மட்டும் கெட்டிருக்கும். ஆனால் அந்தப் போனுக்கும் நான் போய்ச் சேர்வதற்கும் இடையில் அலுவலகத்தில் இருக்கும் விவரமான பையன் ஒருவன் நாலைந்து விஷயம் செய்து வைத்திருப்பான். உண்மையான சேதம் நடப்பது அங்கேதான். அதனால் போனிலேயே நான் முதலில் சொல்வது, "யாரும் எதையும் தொடாதீங்க." யாரும் கேட்டதில்லை.

தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், மாடியில், தோல் பை செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கீழே காரிகர்கள் தைப்பார்கள். மேலே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சுவரெல்லாம் சாம்பிள் பை. தோல், பசை, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி எல்லாம் கலந்து ஒரு வாசனை அடிக்கும். அவருக்கு ஆர்டர் புத்தகம், விலை ஒப்பந்தம், தகராறுக்குச் சாட்சி எல்லாமே தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள்தான். சரக்கு வாங்கும் ஒவ்வொரு பையருக்கும் ஒரு ஃபோல்டர். பத்து வருஷத்துக்கு மேற்பட்ட கடிதங்கள். அத்தனையும் பாப் முறையில், அதாவது சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கே இறக்கி வைத்தவை. சர்வரில் பழையது எதுவும் கிடையாது.

நான் போனபோது தண்டர்பேர்டில் கடைசி இரண்டு வாரத்து மெயில் மட்டும் தெரிந்தது. அவருடைய தங்கச்சி மகன் விளக்கினான். முந்தின நாள் கரண்ட் போனது. திரும்ப வந்து திறந்தால், புதிதாக வாங்கிய மெஷின் மாதிரி "கணக்கு சேர்க்கவும்" என்று கேட்டது. தண்டர்பேர்டை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தான். அப்படியும் அதையே கேட்டது. சரி என்று கணக்கைப் புதிதாகச் சேர்த்தான், அதுவும் ஐமேப்பாக, அதாவது சர்வரில் இருக்கும் மெயிலை அங்கேயே வைத்துக் காட்டும் முறையில். பாப் கணக்கில் சர்வரிலிருந்து 14 நாளில் மெயிலை நீக்கிவிடு என்பது தண்டர்பேர்டில் முதலிலிருந்தே இருக்கும் அமைப்பு. அந்த 14 நாள் மெயில்தான் திரையில் இருந்தது.

மெயிலும் அமைப்புகளும் இருக்கும் ஃபோல்டர்தான் பிராஃபைல். இன்ஸ்டாலுக்கும் பிராஃபைலுக்கும் சம்பந்தமே இல்லை என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. தண்டர்பேர்டை அழித்தாலும் பிராஃபைல் ஃபோல்டர் அப்படியே கிடக்கும். மறுபடி போட்டால் அதே கெட்ட பிராஃபைலைத்தான் திறக்கும். அதனால்தான் ரீஇன்ஸ்டால் எதையும் சரிசெய்வதில்லை, அதனாலேயேதான் மெயிலும் தப்பிக்கிறது.

விண்டோஸின் ரன் பெட்டியில் பர்சன்டேஜ் குறி, ஆப்டேட்டா, பர்சன்டேஜ் குறி என்று அடித்து, தண்டர்பேர்ட், ப்ரொஃபைல்ஸ் என்று உள்ளே போனேன். எட்டு எழுத்துக் கலவையும் 'டீஃபால்ட் ரிலீஸ்' என்ற வாலும் கொண்ட ஒரு ஃபோல்டர். சில இடங்களில் இப்படி இரண்டு இருக்கும். 2019இல் வந்த 68ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் தனி பிராஃபைல் என்று ஆனது. அதனால் பழையதை விட்டுவிட்டுப் புதுக் காலி பிராஃபைலைத் திறந்துகொண்டு நிற்கும். பார்ப்பவருக்கு அதுவும் "எல்லாம் போச்சு"தான். இங்கே இருந்தது ஒன்றே ஒன்று. உள்ளே 'மெயில்' ஃபோல்டருக்குள் சர்வர் பெயரில் இருந்த ஃபோல்டரைத் திறந்ததும் இன்பாக்ஸ் என்ற ஃபைல், வால் எதுவும் இல்லாமல், மூன்று ஜிபிக்கு மேல் கனமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே ஒவ்வொரு பையர் பெயரிலும் ஒரு ஃபைல்.

"மெயில் எங்கேயும் போகல அண்ணாச்சி" என்றேன்.

"அப்ப திரையில காட்டு."

அதுதான் சிக்கல். கெட்டிருந்தது ப்ரெஃப்ஸ்.ஜேஎஸ் என்ற ஃபைல். எந்தக் கணக்கு, எந்த சர்வர், மெயில் எந்த ஃபோல்டரில் என்பதெல்லாம் அதில்தான் வரிவரியாக இருக்கும். கரண்ட் போன நேரத்தில் அது எழுதப்பட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். பழைய கணக்கைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை, பையன் சேர்த்த ஐமேப் கணக்கு மட்டும் இருந்தது. அதையே ஒட்டுப்போட்டுச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அடிபட்ட பிராஃபைலில் வேறு எது கெட்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? புது பிராஃபைல் போட்டு, தேவையானதை மட்டும் தூக்கிப் போவதுதான் என் வழக்கம். மொத்தத்தையும் அள்ளிப் போட்டால் நோயும் கூடவே வந்துவிடும்.

அதற்கு முன்னால் மொத்த தண்டர்பேர்ட் ஃபோல்டரையும் வெளி டிரைவுக்குக் காப்பி எடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் பொறுமை போகும். பழைய ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பி வேகம் அவ்வளவுதான். பச்சைக் கோடு ஊர்ந்தது. நான் கட்டிங் சாயா குடித்தேன். அண்ணாச்சி இரண்டு முறை கீழே போய்விட்டு வந்தார். "வந்ததுல இருந்து சும்மாதான தம்பி உக்காந்துருக்க?" இதற்கு நான் பதில் சொல்வதில்லை. காப்பி முடியும்வரை மவுஸைத் தொடுவதில்லை என்பது ஒன்றுதான் என் தொழில் ரகசியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மற்றது சீக்கிரம் முடிந்தது. ரன் பெட்டியில் தண்டர்பேர்ட், ஒரு இடைவெளி, ஹைஃபன், பெரிய பி. பிராஃபைல் மேனேஜர் வந்தது. புதியதை டி டிரைவில் போட்டேன். புது மெயிலுக்கு ஐமேப் கணக்கு. தண்டர்பேர்டை மூடிவிட்டு, பழைய மெயில் ஃபைல்களைப் புது பிராஃபைலின் லோக்கல் ஃபோல்டர்ஸுக்குள் வைத்தேன். இன்பாக்ஸுக்கு மட்டும் 'பழைய இன்பாக்ஸ்' என்று பெயர் மாற்றினேன். எம்எஸ்எஃப் என்று முடியும் ஃபைல்களை எடுக்கவில்லை. அவை புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி. இல்லாவிட்டால் தண்டர்பேர்டே உட்கார்ந்து எழுதிக்கொள்ளும். முகவரிகளுக்கு ஏபுக்.எஸ்க்யூலைட். பாஸ்வேர்டுகளுக்கு கீ4.டிபி, லாகின்ஸ்.ஜேசான் இரண்டும் சேர்ந்தே போக வேண்டும், ஒன்று மட்டும் போனால் பயனில்லை. தேடலுக்கான பெரிய டேட்டாபேஸை அங்கேயே விட்டேன், அது தானாக உருவாகும். திறந்ததும் பையர் பெயர்கள் இடது பக்கம் வரிசையாக வந்தன. அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அப்புறம்தான் உண்மையான விஷயம் வெளியே வந்தது. ஹாம்பர்க் பையர் ஒருவர், உள்துணி கறுப்பாக இருக்கக் கூடாது, பழுப்புதான் கேட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கறுப்புக்குச் சம்மதம் சொன்ன மெயில் வந்தது அண்ணாச்சிக்கு நன்றாக ஞாபகம். ஃபோல்டரில் இல்லை. பையன் இடம் அடைக்கிறது என்று போன மாதம் படம் வைத்த மெயில்களை அழித்து, குப்பையையும் காலி செய்திருந்தான்.

"கம்பாக்ட் பண்ணவான்னு கேட்டிருக்குமே?" என்றேன்.

"கேட்டுக்கிட்டே இருக்கும் அண்ணே. நான் எப்பவும் வேண்டாம்னுதான் குடுப்பேன்."

அந்தச் சோம்பேறித்தனத்துக்கு அவனைக் கட்டிப்பிடித்திருக்கலாம். தண்டர்பேர்டில் டெலீட் கொடுத்தால் மெயில் அந்த ஃபைலை விட்டு உடனே போகாது. 'அழிக்கப்பட்டது' என்று ஒரு குறி மட்டும் விழும். கம்பாக்ட் செய்தால்தான் மற்ற மெயில்களை வேறு ஃபைலில் எழுதிவிட்டு, அதைப் பழையதன் இடத்தில் வைக்கும். அது நடக்கும்போது கரண்ட் போய், என்எஸ்டிஎம்பி என்று தொடங்கும் அரைகுறை ஃபைல்கள் கிடப்பதையும் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

ஹாம்பர்க் ஃபைலுக்கு இன்னொரு காப்பி எடுத்து, பெரிய ஃபைலைத் தாங்கும் எடிட்டரில் திறந்தேன். நோட்பேட் இதற்கெல்லாம் திணறும். "4202 போட்டுத் தேடு" என்றார் அண்ணாச்சி. அது தோல் பைக்கான ஹெச்எஸ் தலைப்பு எண், ஏற்றுமதி இறக்குமதியில் சரக்கை வகைப்படுத்தும் எண். அவர் அனுப்பிய இன்வாய்ஸ் ஒவ்வொன்றிலும் இருக்கும். தேடினால் முடிவே இல்லாமல் வந்தது. "லைனிங்" என்று தேடினோம், அப்புறம் சாம்பிள் எண். கிடைத்தது. மெயிலின் தலைப்பு வரிகளில் எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ் என்று ஒரு வரி, எதிரே 0009. அதில் 1 என்றால் படித்தாயிற்று, 8 என்றால் அழித்தாயிற்று, கூட்டினால் ஒன்பது. 0001 என்று மாற்றி, சேவ் செய்து, அந்தக் காப்பியைப் புது ஃபோல்டராக வைத்துத் திறந்தேன். கறுப்புத் துணியின் போட்டோவோடு மெயில் வந்து நின்றது.

அண்ணாச்சி அதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். பையன் வாசித்தான். உடனே பிரிண்ட், இரண்டு பிரதி.

கிளம்பும் முன் சில ஏற்பாடுகள். பிராஃபைல் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் தொட வேண்டாம் என்று விலக்கு கொடுத்தேன். இன்பாக்ஸ் முழுக்க ஒரே ஃபைல் என்பதால், எங்கோ ஒரு மெயிலில் கெட்ட அட்டாச்மென்ட் வந்தால் மொத்த இன்பாக்ஸையும் தூக்கி உள்ளே போட்டுவிடும் ஆபத்து உண்டு. சனிக்கிழமை மாலை தண்டர்பேர்டை மூடிவிட்டு மொத்த ஃபோல்டரும் வெளி டிரைவுக்குப் போக ஒரு ஷார்ட்கட் போட்டுக் கொடுத்தேன். பையன் கூகுள் டிரைவில் வைக்கலாமே என்றான். மூடிய காப்பியை வை, ஓடிக்கொண்டிருக்கும் பிராஃபைலை வைக்காதே என்றேன். இரண்டு மெஷினில் ஒரே பிராஃபைலைத் திறந்து கெடுத்துக்கொண்டவர்கள் மஸ்ஜித் பந்தர் பக்கம் எனக்கு வாடிக்கை.

ஐமேப் என்றால் சர்வரில் இடம் வாங்க வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும் என்றதும் அண்ணாச்சி முகம் மாறியது. யூபிஎஸ் பேட்டரிக்குச் சம்மதித்தார், சர்வர் இடத்துக்கு யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். பில்லை நீட்டினேன்.

"மெயிலு எங்கயும் போகலைன்னு நீதான சொன்ன? பொறவு எதுக்கு தம்பி இவ்வளவு?"

பாதியைப் பணமாகத் தந்தார். மீதிக்கு லேப்டாப் பை ஒன்று. உள்துணி கறுப்பு.