மெட்ராஸ் என்று தேடினால்தான் கிடைக்கும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் நகர், வட்டாரத் திட்டமிடலுக்கு முதுகலைப் படிப்பு தொடங்குவது உறுதியானதும் நூலகத்துக்குக் கடிதம் வந்தது. அந்த நிதியாண்டுக்குள் துறைக்கென்று ஒரு நூல் தொகுப்பு தயாராக வேண்டும். கடிதம் கைக்கு வந்தது டிசம்பரில். மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும். நூலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த ஓட்டம் பழக்கமானதுதான்.

பேராசிரியர்களிடம் பட்டியல் கேட்டேன். வந்ததில் பெரும்பகுதி அமெரிக்க, இங்கிலாந்துப் பதிப்பகங்களின் பாடநூல்கள். நல்ல நூல்கள், வேண்டியவையும்கூட. மூன்று விற்பனையாளர்களிடம் விலைப்புள்ளி வாங்கி, தள்ளுபடி பேசி, நூலகக் குழுவின் ஒப்புதல் பெற்று ஆர்டர் போட்டதில் மார்ச் மூன்றாம் வாரம் பெட்டிகள் வந்து இறங்கின. ஒரு விற்பனையாளர் பில்லில் புதிய பதிப்பைப் போட்டுவிட்டுப் பெட்டியில் பழைய பதிப்பை வைத்திருந்தார். ஐ.எஸ்.பி.என். எண்ணை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் முத்திரை குத்துவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். குத்திய பிறகு யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வகுப்பு தொடங்கிய இரண்டாவது வாரம் ஒரு மாணவர் வந்தார். "மேடம், வேளச்சேரி ஏரி எழுபதுகள்ல எவ்வளவு பெருசா இருந்துச்சுன்னு காட்டுற வரைபடம் ஏதாவது இருக்கா?" இல்லை. சிகாகோ வளர்ந்த கதை இரண்டு நூல்களில் இருந்தது. பதினைந்து நிமிட பஸ் தூரத்தில் இருக்கும் ஏரியைப் பற்றி எங்கள் அலமாரியில் ஒரு தாள்கூட இல்லை. அன்று எனக்கு மனசு சரியில்லை.

திட்டமிடலுக்கு உண்மையில் தேவைப்படுகிற காகிதம் எந்த விற்பனையாளரின் பட்டியலிலும் வராது. நகரம் எப்படி வளர வேண்டும் என்று வகுக்கும் முழுமைத் திட்டங்கள் (மாஸ்டர் பிளான்), அரசாணைகள், விரிவான வளர்ச்சித் திட்ட வரைபடங்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகள், போக்குவரத்து ஆய்வறிக்கைகள் எல்லாம் அலுவலகங்கள் குறைந்த பிரதிகளில் அச்சிட்டவை. கையிருப்பு தீர்ந்தால் மறு அச்சு கிடையாது. போய்த்தான் சேகரிக்க வேண்டும். அடுத்த ஆண்டு பாடநூல் பட்டியலைச் சுருக்கிவிட்டு, சனிக்கிழமைகளில் எழும்பூருக்குப் போக ஆரம்பித்தேன். காந்தி-இர்வின் சாலையிலேயே சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் இருக்கிறது, தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேர வேண்டிய நூலகங்களில் அதுவும் ஒன்று. எது எந்த ஆண்டில், எந்தத் தலைப்பில் வந்தது என்று அங்கே உட்கார்ந்து குறித்துக்கொண்டு, அப்புறம் பிரதி தேடிப் போவேன்.

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் வந்தது, எளிதாகக் கிடைத்துவிட்டது. எழுபதுகளில் வந்த முதல் திட்டத்துக்குத்தான் அலைந்தேன். உலக வங்கிக் கடனில் 1977-இல் தொடங்கிய மெட்ராஸ் நகர வளர்ச்சித் திட்டத்தின் அறிக்கைகள் அந்த வங்கியின் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் வீடாகக் கட்டித் தராமல் மனையும் குடிநீரும் சாலையும் கொடுத்து மக்களையே கட்டிக்கொள்ளச் சொன்ன திட்டம் அது. அச்செடுத்து பைண்ட் செய்து வைத்தோம். இணையத்தில்தான் இருக்கிறதே, அச்சு எதற்கு என்று குழுவில் ஒருவர் கேட்டார். அதற்கு முந்தைய மாதம்தான் ஓர் அலுவலகம் தன் தளத்தைப் புதுப்பித்ததில் நாங்கள் இணைப்பு கொடுத்து வைத்திருந்த ஏழு கோப்புகள் காணாமல் போயிருந்தன. அதைக் காட்டினேன். அப்போதிருந்து எந்த வரைவுத் திட்டம் வெளியானாலும் அன்றே இறக்கி வைக்கிறோம். இறுதி வடிவம் வந்தபின் வரைவைத் தூக்கிப் போடுவதும் இல்லை. எந்தச் சாலை எந்தப் பக்கம் நகர்ந்தது, எந்தப் புல எண் விவசாய வகைப்பாட்டிலிருந்து குடியிருப்புக்கு மாறியது என்பதெல்லாம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

வேளச்சேரிக்கு விடை நங்கநல்லூரில் கிடைத்தது. திட்டமிடல் அலுவலராக இருந்து ஓய்வுபெற்று மறைந்த ஒருவரின் வீடு அது. பழைய மாணவர் ஒருவர் சொல்லித்தான் போனேன். பரணிலிருந்து இரண்டு இரும்புப் பெட்டிகளை இறக்கி வைத்திருந்தார்கள். "பேப்பர் கடையில போட்டுடச் சொன்னாங்கம்மா. அவர் கையெழுத்து இருக்கு, எனக்கு மனசு வரல" என்றார் அவர் மனைவி. முதல் பெட்டியில் மேலாக இருந்த அறிக்கையின் பின்னட்டையில் ஓர் உறை. உள்ளே எட்டாக மடித்த நிலப் பயன்பாட்டு வரைபடம். மடிப்பு மடிப்பாக விண்டுபோக இருந்தது. தரையில் செய்தித்தாளை விரித்து, இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துப் பிரித்தோம். ஏரிகள் வெளிர்நீலத்தில் இருந்தன. வேளச்சேரிக்கு நேராகப் பென்சிலால் ஒரு வட்டம், ஓரத்தில் சின்ன எழுத்தில் "தாங்கல் மூன்று, சேர்க்கவில்லை" என்று ஒரு குறிப்பு. அச்சில் விடுபட்ட சிறு நீர்நிலைகளை அவர் தனக்காகக் குறித்து வைத்திருக்கிறார். இந்தப் பிரதிக்கு ஈடாகச் சுத்தமான பிரதி பத்து கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

அந்த வரைபடத்தை இனி மடிக்கவே கூடாது என்று முடிவு செய்தோம். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டுவதுதான் நம் ஊர் வழக்கம். ஐந்தாறு வருஷத்தில் டேப் உரிந்து, மஞ்சள் கறை மட்டும் தாளோடு தங்கிவிடும். மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுச்சத்துப் பசையும் வைத்து ஒட்டினோம். பசை இருக்கிற இடத்துக்கு இராமபாணப் பூச்சி வரும், சென்னைக் காற்றின் ஈரம் அதற்கு இன்னும் வசதி. அதனால் வரைபடங்களுக்கென்று அகலமான தட்டை இழுப்பறை செய்து, சுவரை ஒட்டாமல் தள்ளி வைத்தோம்.

எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் மாணவர்களுக்குக் கிடைக்கவில்லை. காரணம் நூல்களைத் தேடும் நூலக அட்டவணையில் இருந்தது. அவர்கள் 'சென்னை' என்று தேடுகிறார்கள். பெயர் மாறியது 1996-இல். அதற்கு முன் வந்த ஆங்கில அறிக்கைகள் எல்லாமே 'மெட்ராஸ்'. ஐம்பது ஆண்டுத் தொகுப்பில் பாதி கண்ணுக்கே தெரியாமல் கிடந்தது. திருவல்லிக்கேணிக்கு டிரிப்ளிகேன், எழும்பூருக்கு எக்மோர், தியாகராய நகருக்கு முன்னால் மாம்பலம், முகப்பேருக்கு ஆங்கிலத்தில் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல். கோஹா என்ற நூலக மென்பொருளில் எந்தப் பெயரில் தேடினாலும் மற்றதற்கும் கொண்டுபோகும்படி ஒவ்வோர் ஊருக்கும் இணைப்புப் பதிவு போட்டோம். நானும் இரண்டு உதவியாளர்களும் எட்டு மாதம் உட்கார்ந்தோம். இந்தத் தொகுப்புக்காகச் செய்ததிலேயே அதிகம் பயன்பட்ட வேலை இதுதான் என்பேன். ஏரி, தாங்கல், புறம்போக்கு, நத்தம், மேய்க்கால் எல்லாம் தமிழிலேயே பொருள் தலைப்புகளாகச் சேர்ந்தன. இவற்றுக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வகைப்பாட்டில் ஒரு சமரசம் செய்துகொண்டோம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி முறையில் நகரமைப்பு 711, நகரச் சமூகம் 307.76, வீட்டுவசதி 363.5, நிலம் 333, போக்குவரத்து 388. ஒரே பொருள் இரண்டு மாடிகளில் சிதறும். எண்களை மாற்றவில்லை. சென்னை வட்டாரம் பற்றியவற்றை மட்டும் ஓர் அறையில் ஒன்றாக வைத்தோம்.

2022-இல் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரித்தார்கள். அறையின் எல்லையும் கூடவே விரிந்தது. திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்தின் பழைய கணக்கு வேண்டுமென்றால் 1997-க்கு முந்தைய செங்கல்பட்டு மாவட்டக் கையேட்டைப் பார்க்க வேண்டும். அரக்கோணம் இன்று ராணிப்பேட்டை மாவட்டம், 2019 வரை வேலூர், அதற்கும் முன்னால் வட ஆர்க்காடு. கிராமவாரியாக, எந்த ஆண்டுக்கு எந்த மாவட்டத்தின் கையேடு என்று அட்டை எழுதி வைக்கிறோம். அரக்கோணம் வட்டத்துக்குப் பாதி முடிந்திருக்கிறது. வட ஆர்க்காடு கையேட்டில் 1961 அச்சுப் பிரதி கிடைத்துவிட்டது, 1971-க்குத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.