எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்துக்கு வயது தேடிய கதை

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். சமுதாயக் கூடத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, மழை பெய்தால் உள்ளே பாத்திரம் வைக்க வேண்டும். பழுதுபார்க்கச் சொல்லி கிராம சபையில் மனு கொடுத்தேன். "எந்த வருஷம், எந்தத் திட்டத்துல கட்டினது?" என்று கேட்டார்கள். ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டைப் புரட்டினால் கூடத்துக்கு ஒரே ஒரு வரிதான். வருடம் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

ஊர்ப் பெரியவர்களைக் கேட்டேன். எம்.ஜி.ஆர். காலம் என்றார் ஒருவர். ராஜீவ் காந்தி இறந்ததற்கு அப்புறம் என்றார் இன்னொருவர். பழைய தலைவர் முன்னின்று கட்டியது என்பதில் மட்டும் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கூடம் பற்றிய எல்லா விவரமும் வேண்டும் என்று எழுதிப் போட்டேன். 'கோப்பு பராமரிப்புக் காலம் முடிந்து அழிக்கப்பட்டது' என்று பதில் வந்தது. இதே வேலையில் இறங்குபவர்களுக்குச் சொல்கிறேன்: 'எல்லா விவரமும்' என்று எழுதாதீர்கள். தீர்மானப் புத்தகம், கட்டட வேலையை அளந்து எழுதி வைக்கும் அளவுப் புத்தகம், சொத்துப் பதிவேடு என்று பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள். நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். இரண்டாவது மனுவை அப்படித்தான் எழுதினேன்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் வாசல் சுவரில் இருந்த கல்வெட்டைக் கவனித்தேன். பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு எழுத்தை மூடியிருந்தது. கத்தியால் சுரண்டினால் எழுத்தும் போய்விடும். தண்ணீரில் ஊற வைத்துத் தேங்காய் நாரால் இரண்டு நாள் தேய்த்தோம். 'ஜவகர் வேலைவாய்ப்புத் திட்டம்' என்பது தெரிந்தது. வருடம் இருந்த மூலை உடைந்து போயிருந்தது. அந்தத் திட்டம் தொடங்கியது 1989இல். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். ஆக, முதல் பெரியவர் சொன்னது தள்ளுபடி.

மீதி வழியைக் காட்டியது கல்யாணப் பத்திரிகை. அத்தை வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில், மொய் நோட்டுகளோடு பழைய பத்திரிகைகளும் கட்டிக் கிடந்தன. ஆங்கீரச வருடம் தை மாதப் பத்திரிகையில் 'இடம்: மணமகன் இல்லம்' என்று இருக்கிறது. அடுத்து வந்த ஸ்ரீமுக வருடம் ஆவணியில் 'இடம்: சமுதாயக் கூடம்'. ஆங்கீரச தை என்றால் 1993 தொடக்கம், ஸ்ரீமுக ஆவணி அதே ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர். இடையில்தான் கூடம் திறந்திருக்க வேண்டும். வீடு வீடாகப் போய் இன்னும் நாற்பது பத்திரிகை சேர்த்தேன். ஒன்றுகூட இந்தக் கணக்கை மீறவில்லை.

தீர்மானப் புத்தகத்தைப் பார்வையிட்டபோது அதுவும் ஒத்துப் போனது. ஆனால் கையெழுத்து தலைவருடையது அல்ல, தலைவர் இல்லாத காலத்தில் ஊராட்சியைக் கவனிக்கும் அரசு அதிகாரியான தனி அலுவலருடையது. 1986க்குப் பிறகு 1996இல்தான் ஊராட்சித் தேர்தல் நடந்தது. 1993இல் ஊருக்குத் தலைவரே கிடையாது. பழைய தலைவர் ஆள் சேர்த்து அடித்தளம் தோண்ட வைத்தார் என்பது உண்மையாகவே இருக்கலாம். பதவியில் இல்லாமல் செய்தார் என்றால் அவர் மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது.

இதோடு முடித்திருப்பேன். பத்திரிகைகளை வருட வரிசையில் அடுக்கியபோதுதான் தலித் மக்கள் குடியிருக்கும் காலனியிலிருந்து ஒன்றுமே வாங்கவில்லை என்று உறைத்தது. அங்கே போனேன். பத்திரிகைகள் இருந்தன, பத்திரமாகவே வைத்திருந்தார்கள். 1993க்குப் பிறகும் வருடக் கணக்கில் எல்லாவற்றிலும் 'மணமகன் இல்லம்', 'மணமகன் இல்லம்' என்றே இருந்தது. கூடத்தின் பெயர் போட்ட முதல் பத்திரிகை 2008இல் வருகிறது. பதினைந்து வருடம். அரசுப் பணத்தில், எல்லோருக்கும் என்று கட்டிய கட்டடம் அது.

"ஓட்டுப் போட உள்ள வந்திருக்கோம் கண்ணு. கல்யாணத்துக்குச் சாவி கேக்க யாரும் போகல. கேட்டாக் குடுப்பாங்களான்னு எங்களுக்குள்ளயே ஒரு இது" என்றார் ஒரு ஆயா. அடித்தளத்துக்குக் கல் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். கூலிக்கு வந்தது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அதே கூடத்தில் மொய் எழுதி, பந்தி பரிமாறி வளர்ந்தவன். ஒருநாளும் இதை யோசித்ததில்லை.

கூடத்தின் வரலாற்றை இரண்டு பக்கம் எழுதி கிராம சபையில் வாசித்தேன். 2008 பற்றிய பத்தியை எடுத்துவிடச் சொன்னார்கள் சிலர். "பழைய கதை எதுக்கு இப்போ?" என்றார் என் சொந்தப் பெரியப்பா. "கட்டின வருஷமும் பழைய கதைதானே பெரியப்பா, அதைத்தானே எல்லாரும் கேட்டீங்க?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் காலனியைச் சேர்ந்த ஒரு அண்ணன் எழுந்து, அந்த 2008 கல்யாணம் தன்னுடையது என்று சொல்லி உட்கார்ந்தார். அதற்கு மேல் யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

சொத்துப் பதிவேட்டில் இப்போது வருடக் கட்டத்தில் 1993 என்றும், திட்டத்தின் பெயரும் ஏறியிருக்கின்றன. பழுதுபார்ப்பு மதிப்பீடு ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அந்த இரண்டு பக்கத்தையும் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தின் உள்சுவரில், பந்தி போடும் பக்கம், ஒழுகாத இடமாகப் பார்த்து மாட்டியிருக்கிறோம். ஆணி அடித்தது அந்த அண்ணன்தான்.