லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்களுக்கு

வேதாகமத்தில் (பைபிளில்) மொத்தம் 1189 அதிகாரங்கள். தினம் மூன்று, ஞாயிறு மட்டும் ஐந்து என்று வாசித்தால் 52 வாரத்தில் முடிந்துவிடும். ஜனவரி முதல் தேதி தொடங்கினால் மாதக் கடைசியில் அதன் மூன்றாம் புத்தகமான லேவியராகமம் வரும். பலர் கைவிடுவது அங்கேதான். ஒரு நாள் தவறினால் மறுநாள் ஆறு, அப்புறம் ஒன்பது என்று கடன் ஏறும். விட்டதை விட்டுவிட்டு அன்றைய பகுதிக்கே வாருங்கள்.

ஆனால் லேவியராகமத்தின் 19-ஆம் அதிகாரத்தை மட்டும் தாண்டிவிடாதீர்கள். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது 13-ஆம் வசனம். ஐந்தாம் புத்தகமான உபாகமம் 24:15 இன்னும் கறார்: பொழுது சாயும் முன்பே கொடுக்க வேண்டும். "சில்லறை இல்லை, நாளைக்கு வாங்க" என்று சித்தாளை அனுப்புவது நேராக இதில் மாட்டும். (அன்று மாலை ஜெபக் கூட்டம் இருந்தாலும்தான்!) வேலை தொடங்கும் முன்பே கூலியைப் பேசிவிடுங்கள். ரொக்கமா, போனில் அனுப்பலாமா என்று காலையிலேயே கேளுங்கள். மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுத்தால், சித்தாளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் விசாரியுங்கள்.

அதே அதிகாரத்தின் 35, 36 வசனங்கள் கடைக்காரர்களுக்கு: தராசும் எடையும் நியாயமாக இருக்க வேண்டும். இனிப்பு நிறுக்கும்போது முதலில் காலி அட்டைப்பெட்டியைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். இல்லாவிட்டால் இனிப்பு விலைக்கு அட்டையையும் சேர்த்து விற்கிறீர்கள்.