பாரிஸில் மதியச் சாப்பாட்டை விடாதீர்கள்

பாரிஸுக்குப் படிக்க வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் யூரோவை ரூபாயாக மாற்றிக் கணக்குப் போட்டுவிட்டு, முதல் வேலையாக மதியச் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். காலையில் ஒரு காபி, ராத்திரி நூடுல்ஸ், அவ்வளவுதான். பார்க்க மனசு கேட்பதில்லை. அந்த ஊரில் குறைந்த காசுக்கு வயிறு நிறையச் சாப்பிட முடிவதே மதியத்தில்தானே!

க்ரூஸ் என்று மாணவர்களுக்கான அரசு உணவகங்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. நான் படித்தபோது அங்கே ஒரு முழுச் சாப்பாடு 3.30 யூரோ, பிரெஞ்சு அரசின் உதவித்தொகை வாங்கும் மாணவர்களுக்கு 2020-லிருந்து 1 யூரோதான். சூடாக ஒரு தட்டு, கூடவே சாலட், தயிர், பழம் என்று ஏதாவது இரண்டு, அப்புறம் ரொட்டி. வெளியே ஒரு நல்ல சாண்ட்விச்சுக்கே இதைவிடக் கூட ஆகும். மாணவர் அட்டை கையில் வந்ததும், க்ரூஸில் காசு கட்டப் பயன்படும் ஈஸ்லி கணக்கைத் திறந்து கொஞ்சம் காசு போட்டு வைத்துவிடுங்கள், வரிசையில் நிற்கும்போது தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

காய்கறிக்கு பார்பெஸ் சந்தைதான் என் தேர்வு. புதன், சனி இரண்டு நாளும் மேலே இரண்டாம் நம்பர் மெட்ரோ தடதடவென்று ஓட, அதன் பாலத்துக்கு அடியிலேயே நடக்கும். காலையில் போகாதீர்கள். பிற்பகலில் கடை கட்டும் நேரத்துக்குப் போனால், மிச்சமிருக்கும் தக்காளியையும் கத்தரிக்காயையும் கிண்ணம் கிண்ணமாகக் குவித்து வைத்து, பிரெஞ்சிலும் அரபியிலும் "ஒரு யூரோ, ஒரு யூரோ" என்று கூவுவார்கள். கூட்டம் நெருக்கித் தள்ளும், பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தக்காளி நன்றாகப் பழுத்திருக்கும், மறுநாள் தாங்காது, அன்றைக்கே தொக்குக் கிண்டிவிட வேண்டும். கொத்தமல்லி, புதினா எல்லாம் நம்ம ஊர் மாதிரியே கட்டுக் கட்டாகக் கிடைக்கும்.

அங்கிருந்து ஒரு மெட்ரோ நிறுத்தம் நடந்தால் லாச்சப்பல். ஈழத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் அங்கேதான் வாங்க வேண்டும், சூப்பர் மார்க்கெட்டில் சின்னப் பொட்டலமாக வாங்கினால் கட்டுப்படியாகாது. கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் விமானத்தில் வருபவை, விலை கூடுதல்தான். ஆசைக்கு எப்போதாவது.

எப்போதாவது ரெஸ்டாரெண்டுக்குப் போனால் பாட்டில் தண்ணீர் வாங்காதீர்கள். "யூன் கராஃப் தோ" (ஒரு ஜாடித் தண்ணீர்) என்று கேளுங்கள், சாப்பிட வந்தவருக்குக் குழாய்த் தண்ணீரைக் காசில்லாமல் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். காபியை மேஜையில் உட்கார்ந்து குடிப்பதைவிட கவுண்டரில் நின்று குடித்தால் விலை குறைவு.

சனி ஞாயிறு க்ரூஸ் பெரும்பாலும் மூடியிருக்கும். அதனால் சனிக்கிழமை பார்பெஸ் போய் வந்து, விடுதியில் நாலு பேர் காசு போட்டு ஒரு பெரிய பானை சாம்பார் வைத்துவிடுங்கள், திங்கள் மதியம் வரைக்கும் தாங்கும்.